சூரியனைப் பின்னோக்கிச் சுற்ற வைத்தவளின் நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

மே, ஜூன் இரண்டு மாதமும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கோடைக்காலப் பயிற்சி மாணவியாக இருந்துவிட்டு, போன வாரம்தான் பெரியகுளம் திரும்பினேன். கிளம்பிய அவசரத்தில் பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர்கள் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் கல்லூரி இயற்பியல் மேடம். விண்ணப்பத்தில் நான் அடுக்கியிருந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "உனக்கு நிஜமா என்ன தெரிஞ்சுக்கணுமோ அதை மட்டும் எழுது" என்றீர்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று பாடத்தில் படித்ததை ஒரு தடவையாவது நானே அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதினேன். கடைசியில் அதுவே என் வேலையாகவும் ஆனது.

சூரியக் கரும்புள்ளிகளை நாள்தோறும் எடுத்த படங்களில் பின்தொடர வேண்டும். கிழக்கு ஓரத்தில் தோன்றும் புள்ளி இரண்டு வாரத்துக்குள் மேற்கு ஓரத்தைத் தொட்டு மறைந்துவிடும். சூரியன் வாயுக் கோளம் என்பதால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் சுற்றாது. நடுக்கோட்டுப் பகுதிக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள், துருவத்தை நெருங்க நெருங்க 30 நாளுக்கும் மேல். இந்த வித்தியாசத்தைப் பழைய படங்களிலிருந்து கணக்கிட்டு எடுப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

இரண்டாவது வாரம் முடிவு வந்தது. என் கணக்கில் சூரியன் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது! நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு ராத்திரி அழுதுகூட விட்டேன். ஐந்தாம் நாள் வழிகாட்டி சாரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து சூரியப் படம் பதிந்த ஒரு பழைய கண்ணாடித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் காட்டினார், திருப்பிப் பின்பக்கம் காட்டினார். இடது வலதாகிவிட்டது. "சூரியன் சரியாத்தான் சுத்துதும்மா" என்றார். அவ்வளவுதான். நான் படங்களை இடவலம் மாற்றி ஏற்றியிருந்தேன். முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். சார், அந்த நான்கு நாளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசாததற்கு நன்றி. அதற்குப் பிறகு உங்களைக் கேள்வி கேட்டே படுத்தியதற்கு மன்னிப்பு.

அப்புறம், தொலைநோக்கி இருக்கும் டோமைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று நடுங்கும், படமும் நடுங்கும். மதியத்துக்கு மேல் மே மாதக் கொடைக்கானலில் மழையோ மூடுபனியோ வந்துவிடும். அதனால் காலையிலேயே கூரையைத் திறந்தாக வேண்டும். 1850இல் செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கியை நீங்கள் வீட்டுச் சைக்கிளைக் கையாளுவது மாதிரி கையாளுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மேகம் விலகுமா என்று இருவரும் டீ கிளாஸோடு அண்ணாந்து பார்த்த காலைகளில் கற்றது, கம்ப்யூட்டர் முன் கற்றதைவிடக் குறைவில்லை.

இந்த மடல் போய்ச் சேர முடியாதவர்களுக்கும் ஒரு நன்றி உண்டு. அங்கே 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் அங்கிருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நான் பயன்படுத்திய படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தேதியையும் நேரத்தையும் ஒழுங்காக அவர்கள் குறித்து வைக்காமல் போயிருந்தால் என் கணக்கு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

அந்த ஆய்வகம் மலைக்கு வந்த கதையைக் கேட்டபோது எனக்கு எங்கள் அப்பத்தா நினைவு வந்தது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டி சொன்னதையெல்லாம் அப்பத்தா எங்களுக்குச் சொல்லும். அந்த 1876-78 பஞ்சத்துக்குப் பிறகுதான், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்தது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "பசியில செத்தவங்களுக்காகக் கட்டுனதா?" என்று கேட்டது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சீசன் நெரிசலில் ஏழு ரோடு சந்திப்பில் பஸ் நகராமல் நின்ற காலைகளில் என்னை ஏற்றிக்கொண்ட பால் வண்டி அண்ணனுக்கும், இரவு எத்தனை மணியானாலும் சாப்பாடு எடுத்து வைத்த மெஸ் அம்மாவுக்கும் நன்றி.

கடைசியாக, நாயுடுபுரத்தில் மாடி அறை கொடுத்த அக்கா. மே மாதம்தானே என்று ஒரு மெல்லிய சால்வையோடு வந்திறங்கியவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உங்கள் பழுப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தீர்கள். கிளம்பும்போது ஒரு கட்டு மலைப்பூண்டும் கொடுத்தீர்கள், அது குழம்பாகிவிட்டது. ஸ்வெட்டர் மட்டும் என் பையோடு இங்கே வந்துவிட்டது அக்கா. துவைத்து வைத்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் நானே கொண்டுவந்து தருகிறேன்.