பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கபடிப் பயிற்சியாளரின் திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறவன் நான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது, அவனோடு அதே பள்ளியில் படித்த பையன்கள். அதன்பின், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றது. சரியான பேச்சு. கூடவே, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துத் தனிச் சீருடையோடு 'சமூக நீதி மாணவர் படை' அமைக்கவும் சொன்னது.

எனக்கு இடறுவது இந்தப் படைதான். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் சீருடை மாட்டி அணிவகுக்க முதல் ஆளாகக் கை தூக்குகிறவன் அரிவாளைத் தேடிப் போகிறவன் இல்லையே! நமக்கு வேண்டியவன் பஸ்ஸின் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறான். அவன் மைதானத்துக்கு வருவான், மேடைக்கு வர மாட்டான்.

அதற்காக, கபடி ஆடினால் பகை போய்விடும் என்று கதை விட மாட்டேன். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸை மறித்து இறக்கி, விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் குடும்பம் சொன்னது. எங்கள் ஊர்களில் டீம் என்பதே தெருதான். பனியன் நிறத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கோயில் கொடை பிளெக்ஸில் எட்டாம் வகுப்புப் பையன் மீசை வரைந்துகொண்டு நிற்பான். தெருக்காரர்களை ஒரே டீமில் கலக்க முடிகிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

அதற்கு வழியும் உங்களிடமே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2024இல் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழு பிரித்தீர்கள். அந்தக் குழுக்களையே டீமாக்கி வருடம் முழுக்க ஆட விடுங்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், ஊர்ப் போட்டிக்குப் பிள்ளைகள் பள்ளிப் பெயரில், கலந்த டீமாகவே போகட்டும்.

இன்னொன்று. சின்னப் பையன் கையில் கயிறு கட்டிவிடுவது பெரும்பாலும் படிப்பை முடித்துவிட்டு ஊரில் நிற்கும் அண்ணன்கள்தான். அவர்களை விரட்டினால் வாசலில் நிற்பார்கள். பயிற்சி கொடுத்து, சிறு ஊதியமும் அடையாள அட்டையும் கொடுத்து, விசில் ஊத விடுங்கள். நடுவராக நிற்கிறவன் தன் தெருப் பையனையும் அவுட் கொடுத்தாக வேண்டும்; அடுத்த தெருக்காரனும் அதைப் பார்ப்பான். சண்டை வரும் என்று தெரிந்தால் முதலில் அவன் காதுக்குத்தான் எட்டும், தலைமையாசிரியருக்கு இல்லை.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், விழா வேண்டாம். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் மைதானத்து கேட்டைப் பூட்ட வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பொறுப்புக்கு ஆள் நாங்கள் தருகிறோம்.