விளக்கைப் பிடித்த பையன்: வேலூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே,

வணக்கம். கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் உங்கள் பள்ளிகளில் நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். தடுமாறாமல் உரத்த குரலில் வசனம் சொல்லும் மாணவர் ஒருவர் அமைந்துவிட்டால், பாதி நாடகம் முடிந்தது என்று பொறுப்பாசிரியர் நிம்மதி அடைவார். அந்தத் தேர்வில் கழித்து அனுப்பப்படும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக நாடகங்களை இயக்கியும் அவற்றுக்கு மேடையும் ஒளியும் உடையும் வடிவமைத்தும் வாழ்ந்துவரும் நானும் அப்படிக் கழிக்கப்பட்டவன்தான்.

1984ஆம் ஆண்டு. வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே வடாற்காடு மாவட்டமாக இருந்த காலம். எட்டாம் வகுப்பில் மனுநீதிச் சோழன் நாடகத்தில் எனக்குக் காவலாளி வேடம் கொடுத்தார்கள். மூன்றே வரி வசனம். மூன்று நாள் ஒத்திகையிலும் மூன்று வரிகளையும் மறந்தேன். தமிழாசிரியர் திட்டவில்லை. "நீ வேஷம் கட்ட வேணாம்பா, போய் லைட்டைப் பாத்துக்கோ" என்றார். மூங்கிலில் கட்டிய இரண்டு குண்டு பல்புகளும், ஒன்றை மறைக்க ஒரு பிஸ்கட் தகரமும் என் பொறுப்பில் வந்தன. தகரத்தைப் பல்புக்கு அருகே கொண்டுபோனால் அரசனின் பின்னே கட்டியிருந்த வேட்டியில் நிழல் பெருப்பதையும், விலக்கினால் சிறுப்பதையும் இரண்டு நாள் தனியாக விளையாடிக் கண்டுபிடித்திருந்தேன். விழாவன்று, மகனைத் தேர்க்காலில் இடச் சொல்லி அரசன் ஆணையிடும் இடத்தில், யாரும் சொல்லாமலேயே ஒரு பல்பை மெல்ல மறைத்தேன். முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அரசனாக நடித்தவனுக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்த அமைதிக்குக் காரணம் தகரம் என்பது எனக்கும், திரும்பிப் பார்த்துத் தலையசைத்த ஆசிரியருக்கும் மட்டுமே தெரிந்தது. அந்தத் தலையசைப்பு இல்லாதிருந்தால், வசனம் மறந்த வெட்கத்தோடு நாடகத்தின் பக்கமே நான் திரும்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கூத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைப்பார்கள். அதுவரை துரியோதனன் எப்போது வருவான் என்று காத்திருந்த நான், அவன் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறான் என்று யோசிக்கத் தொடங்கினேன். வேடக் கொட்டகையில் வந்து உட்காரும்போது அந்த வேடம் கட்டுபவர் மெலிந்த மனிதர். பகலில் நிலத்தில் வேலை செய்பவர். முகத்தில் சிவப்பு ஏறி, தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமும் தலையில் கிரீடமும் கட்டி முடிந்ததும் அவர் உடல் ஒன்றரை மடங்கு அகலமாகிவிடுகிறது. அந்தக் கட்டைகள் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுபவை. விடிய விடிய ஆட வேண்டியவருக்கு எடை கூடாது, ஆனால் கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் கிழவிக்கும் உருவம் தெரிய வேண்டும். இரண்டு தேவைகளையும் ஒரே மரத்தில் தீர்த்த அந்தத் தச்சரை, நான் படித்த எந்த வடிவமைப்புப் பாடத்துக்கும் மேலாக மதிக்கிறேன். கட்டையில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் வெறும் அலங்காரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஓர் இரவு மின்சாரம் போய்ப் பெட்ரோமாக்ஸ் ஏற்றியபோதுதான், குறைந்த வெளிச்சத்தைப் பொறுக்கியெடுத்துப் பார்வையாளரிடம் திருப்பி எறிவது அவற்றின் வேலை என்று புரிந்தது.

திரைப் பிரவேசத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். இரண்டு பேர் பிடித்திருக்கும் ஒரு துணி, அதன் பின்னே பாடிக்கொண்டே நிற்கும் வேடக்காரர், துணிக்கு மேலே முதலில் தெரியும் கிரீடத்தின் நுனி. முழு உருவத்தையும் காட்டாமல் கூட்டத்தைக் காக்க வைத்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பகடி பேசி அந்தக் காத்திருப்பையும் நீட்டி, பிறகு துணி விலகும்போது கிறிக்கி அடித்துச் சுழன்று வரும் அந்த நுழைவில், எதை எப்போது காட்டுவது என்ற இயக்குநரின் அடிப்படைப் பாடம் முழுவதும் இருக்கிறது. அர்ச்சுனன் தபசன்று பனை உயரத்துக்கு நட்ட மரத்தில் ஒருவர் பாடியபடியே ஏறுகிறார். ஊரே கழுத்தை நிமிர்த்துகிறது. போர் முடியும் படுகளத்தன்று களிமண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு கிடக்கிறான். ஊரே குனிந்து பார்க்கிறது. அவன் தொடையில் புதைத்த பானையைப் பீமன் உடைத்து, செந்நீர் வழியும்போது, பத்து நாளாகக் கதை கேட்டவர்கள் கதைக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து உடலோடு பொருத்தப்படும் அந்த நொடியைப் பார்த்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும். பக்தர்களுக்கு அது வழிபாடு. எனக்கும் வழிபாடுதான், கூடவே ஒரு நகரத்தின் தெருக்களையே மேடையாக்கிய அமைப்பும்கூட.

இதையெல்லாம் நாட்டார் பழக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசையின் கூத்தைக் கண்டு மனம் மாறிய எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால், காஞ்சிபுரத்துக்கு அருகே குருகுலம் அமைத்துச் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளிப் படிப்போடு கட்டைக்கூத்தும் கற்றுக்கொடுத்தார். புரிசையும் பெருங்கட்டூரும் 1989 வரை நம் மாவட்டத்தில் இருந்தவை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நான் சேர்ந்தபோது, தில்லி தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்திய இப்ராகிம் அல்காசி, 1963இல் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளையே அரங்கமாக்கி 'அந்தா யுக்' நாடகத்தை நிகழ்த்தியதைப் பாடமாகக் கேட்டேன். பாரதப் போரின் முடிவைச் சொல்லும் நாடகம் அது. வகுப்பில் மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கு எங்கள் ஊர்ப் படுகளம் நினைவுக்கு வந்தது. (விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம் கோட்டை அகழியின் கரையில் நின்று, 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வெடித்த சிப்பாய்ப் புரட்சியை இங்கே எப்படி நிகழ்த்துவது என்று கணக்குப் போட்டதும் உண்டு. அந்தக் கணக்கு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.)

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகப் போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். நாடகம் முடிந்து எல்லோரும் வணங்கியபோது, அட்டையில் மிக நேர்த்தியாக ஒரு கிணறு செய்திருந்த மாணவி மேடைக்கு வெளியே, கையில் பசை காய்ந்திருக்க, நின்றுகொண்டிருந்தாள். குழுவின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. விசாரித்தபோது, "அவ நடிக்கலைங்க சார், சும்மா ஹெல்ப்புக்கு வந்தா" என்றார்கள். அந்தக் கிணறு இல்லாவிட்டால் அந்த நாடகமே இல்லை. உங்கள் பள்ளி அளவிலாவது விளக்கு, உடை, பொருள்கள், திரை ஆகியவற்றைக் கவனிக்கும் மாணவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதுங்கள், அறிவிக்கும்போது சொல்லுங்கள், சான்றிதழும் கொடுங்கள். இதற்கு அரசாணை ஏதும் வேண்டியதில்லை.

ஒத்திகையின் முதல் நாளில் வசனத் தாளைக் கொடுக்காமல், பார்வையாளர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லிப் பாருங்கள். வேப்பமரத்தடியா, மாடிப்படியா, வகுப்பறையின் நடுவிலா என்று அவர்கள் சண்டையிடும்போது, வாய் பேசாமல் போய்ப் பெஞ்சை நகர்த்திப் பார்க்கும் ஒரு பிள்ளை இருக்கும். அநேகமாக இயக்குநர் அந்தப் பிள்ளைதான். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். குடியாத்தத்தில் லுங்கித் துணியும், ஆம்பூர் பக்கம் தோல் வெட்டுத் துண்டுகளும் நான் கேட்டு வாங்கி என் நாடகங்களுக்குக் கவசமும் திரையும் செய்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு அருகில் ஏதாவதொரு கூத்துக் குழு (ஜமா) இருந்தால் அதன் வாத்தியாரை அழைத்து, கட்டைப் பெட்டியைப் பிள்ளைகள் முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவரை ஆடச் சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடாதீர்கள். வந்து போகும் கூலியையும் மதிப்பாகக் கொடுங்கள்.

இதில் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் உங்களைக் கேட்பார்கள். என் அப்பாவும் கேட்டார். நாடகத்தால் மட்டும் என் குடும்பம் ஓடவில்லை என்பதை மறைக்க மாட்டேன். பெயர்ப்பலகை எழுதியிருக்கிறேன், கல்யாண மேடை அலங்காரம் செய்திருக்கிறேன், திருவிழாக்களில் சீரியல் பல்பு கட்டுபவரோடு கம்பம் ஏறியிருக்கிறேன். அந்த வேலைகளையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது மேடைதான்; அங்கே கற்றவை திரும்ப மேடைக்கே வந்தன. பெற்றோரிடம் இதை உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளை வசனம் மறந்ததைச் சொல்லும்போது, அது செய்த கிணற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரும் சித்திரையில் எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். விடுமுறைக் காலம். பெற்றோர் சம்மதத்தோடும் பொறுப்பாசிரியரோடும் பிள்ளைகளை அனுப்பினால், இரவு எட்டு மணிக்கே வேடக் கொட்டகையில் நான் அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். ஜமாவிடம் பேசிவிட்டேன், அரிதாரம் குழைப்பதிலிருந்து பார்க்கலாம் என்றார்கள். ஆளுக்கொரு போர்வை கொண்டுவரட்டும். கட்டுரை எழுதி வரச் சொல்ல வேண்டாம். வசனம் மறந்ததால் நீக்கப்பட்ட மாணவர் யாராவது இருந்தால், அவரை முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக இயக்குநர், மேடை வடிவமைப்பாளர்
காட்பாடி