மலையகப் பிள்ளைகளுக்கும் முழு இணையம் வேண்டும்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தலைவருக்கும், பணிப்பாளர் நாயகத்துக்கும், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. மலையகத்தில் சிக்னல் இல்லை என்ற முறைப்பாடு உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் என்னை இந்த மடல் எழுத வைத்தது வேறொன்று. சிக்னல் வந்துவிட்ட லயங்களில்கூட, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்கூட, எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது முழு இணையம் இல்லை. அவர்கள் கையில் இருக்கும் காசுக்கு யூடியூப் திறக்கும், வட்ஸ்அப் திறக்கும், டிக்டொக் திறக்கும். பாடப்புத்தகம் திறக்காது. கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் இடம் உங்களுடையது என்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். கல்வி அமைச்சைச் சேர்ந்தவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 ஒக்டோபர் வரை திறப்பதும் மூடுவதுமாகவே போயிற்று. படிப்பு வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறியது. பதுளைப் பக்கம் மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறிப் பாடம் கேட்ட பிள்ளைகளின் படங்கள் வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தன. எங்கள் பக்கத்து லயங்களில் பல பிள்ளைகளுக்கு ஏறிப்போய்ப் பார்க்க ஒரு போனே இருக்கவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவு பற்றிய அறிக்கைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். தோட்டம் கடைசியில்தான் நிற்கும். நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் வரும் பரீட்சைக்கு, அந்தக் கடைசி வரியில் நிற்கும் பிள்ளைகளைத்தான் நாங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கிடையில், கிராமங்களுக்குச் சிக்னல் கொண்டுபோகும் ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டத்தை நீங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கினீர்கள். நல்ல திட்டம். மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் மலையகத்தைக் கணக்கெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தோட்டம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டிவிசன் என்று சொல்லும் பிரிவுகளாக, மேல் டிவிசன், கீழ் டிவிசன், இடையில் ஒரு ஆறு, அதற்கப்பால் இன்னொரு டிவிசன் என்று மலை மடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கும். பெரிய ரோட்டோரம் ஒரு கோபுரம் நின்றால் பஜாருக்கும் தோட்டத் துரையின் பங்களாவுக்கும் நன்றாக எடுக்கும். அதே கிராம சேவகர் பிரிவில், பள்ளத்துக்குள் இருக்கும் லயத்தில் ஒரு கோடுகூட வராது. 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் அலைகள் மலையைச் சுற்றி வளைந்து வருவது குறைவு. 900 போன்ற தாழ்ந்த அலைவரிசை ஓரளவு சமாளிக்கும். இதெல்லாம் என்னைவிட உங்கள் பொறியியலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கிராம சேவகர் பிரிவை அலகாக வைத்துச் சிக்னல் வரைபடத்துக்கு நிறம் பூசினால் எங்கள் கீழ் டிவிசன் அந்த நிறத்துக்குள் மறைந்துவிடும். டிவிசன் டிவிசனாக, லயத்து வாசலில் நின்று அளக்க வேண்டும். அதுவும் பிள்ளைகள் படிக்கிற நேரமான மாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையில் அளக்க வேண்டும்.

சரி, சிக்னல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

என் வகுப்பில் தரம் 11 படிக்கும் ஒரு மாணவி இருக்கிறாள். வீட்டில் ஒரே போன். பகலில் அது அம்மாவோடு மலைக்குப் போய்விடும். அந்தி நிறுவை முடிந்து, அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் அவள் கைக்கு வரும். தம்பிக்கும் அதே போன்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பின்சுவரோடு ஒட்டி நின்றால் நல்ல சிக்னல் என்பதால் இரண்டு பேரும் அங்கே போய் நிற்பார்கள். போட்டிருப்பது யூடியூப் மட்டும் திறக்கும் மலிவான டேட்டாப் பொதி. பச்சை இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று அயடீன் கரைசலால் சோதிக்கும் பரிசோதனை அவளுக்கு வேண்டும். யூடியூப்பிலேயே தேடுகிறாள். அவளுக்கு அதுதான் தேடுபொறி. வருகிற காணொளிகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எடுத்தவை. நல்ல ஆசிரியர்கள், அழகாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. அவர்களுக்கு வேதியியல், எங்களுக்கு இரசாயனவியல். அவர்களுடைய செல் எங்களுக்குக் கலம், திசு எங்களுக்கு இழையம், கார்பன் டை ஆக்சைடு எங்களுக்குக் காபனீரொட்சைட்டு. இரண்டும் தமிழ்தான், இரண்டும் சரிதான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் எங்கள் சொல்லில்தான் வரும்.

ஒரு காணொளியின் கீழே பாடக்குறிப்புக்கு இணைப்பு இருந்தது. அவள் அதைத் தொட்டாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மீள்நிரப்பச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்தக் குறிப்பு இரண்டு பக்கம்தான் இருக்கும். ஒரு மணி நேரக் காணொளிக்குப் போகும் டேட்டாவில் நூற்றுக்கணக்கான எழுத்துப் பக்கங்களை வாசித்துவிடலாம். அவ்வளவு பாரமான காணொளியைத் திறந்துவிட்டு, அவ்வளவு இலேசான எழுத்தைப் பூட்டி வைக்கிற ஒரு கட்டணப் பொதியை மாணவருக்கு உதவுகிற பொதி என்று என்னால் சொல்ல முடியாது.

பூட்டு இல்லாத இணையத்தில் தேடினால் என்ன கிடைக்கும் என்று பாடசாலைக் கணினியில் என் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரே கேள்வியைக் கூகுள், பிங், டக்டக்கோ என்ற மூன்று தேடுபொறிகளிலும் போட்டுப் பார்த்தோம். தமிழில் அதிகப் பக்கங்களைக் கொண்டுவருவது கூகுள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விகுதி மாறினாலும் சொல்லைக் கண்டுபிடிக்கிறது, தட்டச்சுப் பிழையைத் திருத்திக் காட்டுகிறது. ஆனால் முதல் பக்கம் முழுக்கத் தமிழ்நாட்டுத் தளங்களே நிற்கும். நம் பாடத்திட்டச் சொல்லைப் போட்டு, அதோடு இலங்கை, தரம் 11 என்று சேர்த்தால்தான் நம்முடையது மேலே வரும். பிங்கில் தமிழ்ப் பக்கங்கள் குறைவாகத்தான் வந்தன. டக்டக்கோவும் தன் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்தே எடுப்பதால் அங்கேயும் அதே குறைதான். ஆனால் அது தேடுபவரைப் பின்தொடர்வதில்லை, முன்பு பார்த்ததை வைத்து விளம்பரம் காட்டுவதில்லை. குடும்பத்துக்கே ஒரு போன் உள்ள வீட்டில் அது சின்ன விடயமில்லை. இன்னொரு வசதியும் அதில் உண்டு. படமில்லாமல் வெறும் எழுத்தாக மட்டும் திறக்கும் ஓர் இலேசான பதிப்பு வைத்திருக்கிறார்கள். கூகுளின் முடிவுப் பக்கம் பாதியில் நின்றுவிடும் பலவீனமான இணைப்பிலும் அது திறந்துவிடுகிறது. எங்கள் மலைக்கு அது பெரிய உதவி. முதலில் அதில் தேடு, கிடைக்காவிட்டால் கூகுளுக்குப் போ என்றுதான் என் பிள்ளைகளுக்கு இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். மேற்கோள் குறிக்குள் சொல்லைப் போட்டுத் தேடுவது, ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவது, இரண்டு பொறிகளிலும் வந்ததை ஒப்பிட்டு எது நம்பத்தக்கது என்று முடிவெடுப்பது எல்லாம் படிப்பின் ஒரு பகுதி. கொழும்பிலும் கண்டியிலும் ஒரு பிள்ளை இதை வீட்டில் விளையாட்டாகப் பழகிவிடுகிறது. என் மாணவிக்கு அதைப் பழக இடமே இல்லை, ஏனென்றால் அவளுடைய பொதிக்குள் எந்தத் தேடுபொறியும் இல்லை.

தேடினாலும் அகப்படாமல் கிடக்கும் நம் சொந்தச் சொத்து வேறு இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்தில் மலையகத்து எழுத்து எவ்வளவோ உண்டு. ஆனால் பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுபொறி காண்பதில்லை. நூலின் பெயர் தெரிந்தவர்தான் போய் எடுக்க முடியும். கல்வி தொடர்பான அரச ஆவணங்களிலும் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். கல்வி அமைச்சும் பரீட்சைத் திணைக்களமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தங்கள் தமிழ் ஆவணங்களை ஒருங்குறியில் (யுனிகோட்) போட்டாலே போதும், எங்கள் பாடத்திட்டம் தேடலில் மேலே வந்துவிடும். பெரிய செலவில்லாத வேலை. ஏன் இவ்வளவு காலம் செய்யாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. உங்கள் அனுமதியோடு உயர்ந்தன. நாடு வங்குரோத்தில் இருந்த காலம், நிறுவனங்களுக்கும் கஷ்டம் என்பது புரிகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அது 1,350 ஆக மாற 2024 செப்டெம்பர் வரை ஆனது. அதுவும் முழு நாள் வேலை என்று பேர் போட்டு, கேட்கிற கிலோ கொழுந்து கொடுத்த நாளுக்குத்தான். தோட்டச் சம்பளத்தில் அரிசி, மா, மண்ணெண்ணெய் போக மிஞ்சுவதில்தான் ரீலோட் போட வேண்டும். அம்மாமார் மலிவான பொதியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறும் இல்லை. 2025 ஜூலையில் செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க் வந்தபோது இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள். அப்போது மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக் கட்ட லயத்தில் யாரால் முடியும்? ஆனால் ஒரு பாடசாலைக்கு ஓர் இணைப்பு கொடுக்க அமைச்சு நினைத்தால் முடியும்.

சில பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு பயன்படுத்தும் டேட்டா சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதை நம்பி இரவு பன்னிரண்டு மணிக்கு எழும்புகிறார்கள். வெளியே பனி. சிக்னல் எடுக்கும் இடம் வீட்டுக்கு வெளியே. பெண்பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் அனுப்புவார்கள்? அந்த டேட்டாவை மாலை நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கும்படி நிறுவனங்களை நீங்கள் கேட்கலாம்.

நான் உங்களிடம் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. 2020இல் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். அப்போது முடிந்தது. அதே வழியில் பாடப்புத்தகத் தளம், கடந்தகால வினாத்தாள் தளம், தமிழ் விக்கிப்பீடியா, நூலகம், ஓர் இலேசான தேடுபொறி இவற்றை எந்தப் பொதியிலும், மீதி பூச்சியமாக இருந்தாலும், திறக்கச் செய்யுங்கள். உண்மையைச் சொன்னால் பட்டியல் போட்டுத் திறப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பட்டியலில் எது இருக்கலாம் என்று யார் முடிவு செய்வது? தேடிய பிள்ளை பட்டியலுக்கு வெளியே ஒரு நல்ல பக்கத்தைக் கண்டால் மறுபடியும் வட்டம்தான் சுற்றும். ஆகவே அது உடனடி உதவி மட்டும். நிலையான தீர்வு, மாணவருக்கென்று குறைந்த விலையில், எந்தத் தளத்துக்கும் போகக்கூடிய, பகலிலும் மாலையிலும் பயன்படும் ஒரு பொதி. ஒரு செயலிக்கு மட்டுமான பொதிக்கு இனி அனுமதி கேட்டு யார் வந்தாலும், அதே விலையில் திறந்த இணையம் எவ்வளவு தருகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி எங்கள் மலைகளைச் சரித்தபோது மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போயின. ஆபத்தில் ஒருவரையொருவர் கூப்பிட முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு அப்போது படிப்பைப் பற்றி நினைக்க நேரமில்லை. திருத்த வேலைகளில் பஜார்க் கோபுரங்களோடு தோட்டத்துக் கோபுரங்களின் பற்றரிகளையும் பார்த்துவிடுங்கள். இதை ஓர் அம்மாவாகவும் கேட்கிறேன்.

நுவரெலியாவையும் பதுளையையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் சேர்த்து, பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதம் ஒதுக்கியிருக்கிறது இதே அரசு. அந்தப் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தில்தான். என் பழைய மாணவர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடைகளில் காசு கொடுத்து அந்த விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள்.

உங்கள் அளவீட்டு வாகனம் எங்கள் பக்கம் வந்தால் கீழ் டிவிசனுக்கு வழிகாட்ட நானும் வருகிறேன், பெற்றோரும் வருவார்கள். ரோடு மோசம், ஜீப் என்றால் போகலாம். அடுத்த வரைபடத்தில் எந்தெந்த டிவிசன்கள் சேரும், கட்டணப் பொதிகளைப் பற்றி என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைப் பொது அறிவித்தலாகத் தமிழில் வெளியிடுங்கள். அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை,
நுவரெலியா மாவட்டம்