தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மழைக்கால மூட்டுவலிக்கான வீட்டு வைத்தியம் என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. பெரும்பாலும் நல்ல குறிப்புகள்தான். ஆனால் ஒரு குறிப்பு, வலித் தைலத்தை அழுத்தித் தேய்த்து, மேலே துணி சுற்றி, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறது. தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். அந்தக் குறிப்பு தவறானது, ஆபத்தானதும்கூட. எங்கள் பகுதியில் பேப்பரில் வந்தது என்றால் அதை அப்படியே செய்துபார்ப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் இட்லி அவித்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். ராத்திரி தூங்கியும் தூங்காமலும் எழுந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற உடம்பு. தோளும் முட்டியும் வலிக்காமல் என்ன செய்யும்? போன மழைக்காலத்தில் அவர்களில் ஒரு பெரியம்மா காலையில் கடைக்கு வந்து, சேலையைச் சற்றே தூக்கி முட்டியைக் காட்டினார். தோல் செக்கச் செவேலென்று கன்றிப்போய், அதன்மேல் எலாஸ்டிக் பேண்டேஜின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. நடுவில் பெரிதாக ஒரு கொப்புளம். முந்தின ராத்திரி ஜெல் தடவி, பேண்டேஜைச் சுற்றி, மேலே வெந்நீர்ப் பையை வைத்தபடியே தூங்கிவிட்டாராம். "சுட்டிருந்தா எடுத்திருப்பேனே தாயி, குளுகுளுன்னுதானே இருந்துச்சு" என்றார். உடனே சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன்.

அந்தக் குளுகுளுப்பைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வலித் தைலங்களில் சேர்க்கிற, புதினா வாசம் வீசும் மெந்தால் தோலைக் குளிர வைப்பதில்லை. நம் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர். உண்மையான குளிர் பட்டால் அது எப்படித் தூண்டப்படுமோ, அப்படியே மெந்தால் பட்டாலும் தூண்டப்படும். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியான் இருவருக்கும், சூட்டையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிகளையும் சேர்த்து, 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தைலம் தடவிய இடத்தில் மூளைக்குப் போகிற சேதி "குளிர்கிறது" என்பது. அதே நேரத்தில் மேலே வெந்நீர்ப் பை இருந்தால் தோல் வெந்துகொண்டிருப்பது சீக்கிரம் உறைக்காது. சர்க்கரை நோயால் காலில் ஏற்கனவே உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, சூடும் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் மருந்து தோலுக்குள் இறங்குகிற அளவே கூடிவிடும். தடவியது கொஞ்சமாக இருந்தாலும் உள்ளே போவது அதிகம்.

இது என் கடை அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 செப்டம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மெந்தால், மெத்தில் சாலிசிலேட், மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் ஆகியவை உள்ள, டாக்டர் சீட்டில்லாமல் வாங்கும் தைலங்களால் தீக்காயம் போன்ற புண் ஏற்பட்ட 43 பேரின் விவரம் அவர்களிடம் சேர்ந்திருந்தது. பலருக்கு ஒரே ஒரு முறை தடவியதிலேயே, 24 மணி நேரத்துக்குள் புண்ணாகியிருந்தது. மோசமான காயங்களில் பெரும்பாலானவை 3 சதவீதத்துக்கு மேல் மெந்தால் மட்டுமோ, அதோடு 10 சதவீதத்துக்கு மேல் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்தோ இருந்தவற்றால் வந்தவை. இப்படி நடப்பது அரிதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் ஊரில் அதிகம் விற்கிற ஜெல் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்: மெந்தால் 5 சதவீதம், மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதம், கூடவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. "வெறும் தைலம்தானே" என்று சொல்லிவிட முடியாது.

நான் அதிகம் பயப்படுவது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை நினைத்துத்தான். இதயத்தில் உலோக (மெக்கானிக்கல்) வால்வு பொருத்தியவர்கள் வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அதற்கேற்ப டாக்டர் அளவைக் கூட்டிக் குறைப்பார். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவுமுறை. அதைத் தினமும் முதுகு முழுக்கத் தேய்த்தால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து ஐஎன்ஆரை ஏற்றிவிடலாம், அதாவது ரத்தம் சுலபத்தில் உறையாமல் கசியத் தொடங்கலாம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், லேசாக இடித்துக்கொண்டாலே நீலம் பாரிப்பது, மலம் கருப்பாகப் போவது, இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று ஒப்பிக்கிற யாரும் தைலத்தைச் சொல்வதில்லை. அது மருந்து என்ற எண்ணமே வருவதில்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அதிலும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்கள், இவர்களெல்லாம் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கேட்காமல் தொடக் கூடாது.

அப்புறம் குழந்தைகள். சளி பிடித்த கைக்குழந்தைக்கு மூக்கடியில் தைலம் தடவுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மெந்தால் மூக்கில் ஏறினால் சின்னக் குழந்தைக்குத் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடலாம். கற்பூரம் கலந்த தைலத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். ஊட்டிக்குப் போகிற சொந்தக்காரர்கள் வாங்கி வருகிற விண்டர்கிரீன் தைலம் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். அதில் ஒரு டீஸ்பூன், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை 21 விழுங்கியதற்குச் சமம். ஒரு குழந்தையின் உயிரை எடுக்க அது போதும். இனிப்பான வாசம் வேறு. சாமி படத்துக்குக் கீழே, குழந்தைக்கு எட்டுகிற தட்டில் அந்தப் பாட்டில் நிற்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரே பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஸ்பிரே டப்பாக்களில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. இங்கே பத்துக்குப் பத்து அறைதான் வீடு, அதற்குள்ளேயே கேஸ் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாம். அடுப்பு எரியும்போது அடிக்கவே கூடாது.

தைலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமிர்தாஞ்சனம் 1893-இல் இதே பம்பாயில்தான் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வலிக்கு ஆறுதல் தருகிற பொருள் இது. தடவுவதை மெல்லிசாகத் தடவுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். வெட்டுக்காயம், சொறி, இப்போதுதான் சவரம் செய்த இடம் இவற்றில் கூடாது. வெந்நீரில் குளித்த சூட்டோடும் கூடாது. ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும் என்றால் தைலத்தை விட்டுவிட்டு ஒத்தடம் மட்டும் கொடுங்கள். தடவி முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முட்டியில் தடவிய கை கண்ணுக்குப் போவது நாம் நினைப்பதைவிட அதிகம். எரிச்சல் கூடினால் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த இடத்தை சோப்பும் பச்சைத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் டாக்டர்தான். பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் அதன்மேல் பூசாதீர்கள். ஒரு வாரம் தடவியும் வலி விடவில்லை என்றால் இரண்டாவது ட்யூப் வாங்க வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். கடையில் இப்படிச் சொல்லும்போது முதலாளி முகம் சுளிப்பதில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மின்சார ரயிலில் கூவி விற்கும் லேபிள் இல்லாத எண்ணெய்ப் பாட்டில்களை வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த ஒத்தடக் குறிப்புக்கான திருத்தத்தை, அது வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். உள்பக்க மூலையில் போட்டால் யார் கண்ணிலும் படாது. இரண்டாவது, ட்யூபில் உள்ள விவரமெல்லாம் ஆங்கிலத்தில், லென்ஸ் வைத்துப் படிக்கிற அளவில் இருக்கிறது. மெந்தால், மெத்தில் சாலிசிலேட், கேம்ஃபர் (கற்பூரம்), கேப்சைசின், டைக்ளோஃபெனாக் இந்த ஐந்தையும் தமிழில் பெரிதாக அச்சிட்டு, எது யாருக்கு ஆகாது என்று பக்கத்திலேயே எழுதி, வெட்டி ஒட்டுகிற மாதிரி ஒரு கட்டம் வெளியிடுங்கள். எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முதலாளியிடம் இப்போதே கேட்டுவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
தாராவி, மும்பை - 17.