ரசிகர் சங்க செயலாளரோட 2022 ஆண்டறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும் மஞ்சள் ஜெர்சி சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கைன்னா எப்பவும் கூட்டம் நடந்த விவரம், புதுசா சேந்தவங்க விவரம், வரவு செலவுன்னு நாலு பாராவுல முடிஞ்சுரும், இந்த வருஷம் அப்படி முடிக்க எனக்கு மனசு வரல. கால்பந்து உலகக் கோப்பை காலிறுதியில குரோஷியாகிட்ட தோத்த டிசம்பர் 9 பத்தி பேசாம பிரேசில் ரசிகர் சங்கத்துக்கு 2022 அறிக்கைன்னு ஒண்ணு எழுதவே முடியாது. வழக்கமா சொல்ல வேண்டியத மட்டும் மொதல்ல சொல்லிடறேன்.

மாசாந்திர கூட்டங்கள் தவறாம நடந்துச்சு. கணக்க பொருளாளர் தனியா வாசிப்பாரு, தணிக்கை முடிஞ்சுருச்சு. ஜூலைல கொலம்பியாவுல நடந்த பெண்கள் கோப்பா அமெரிக்காவ, அதாவது தென் அமெரிக்க நாடுகளோட கோப்பைய, சேந்து உக்காந்து பாக்கணும்னு மகளிர் உறுப்பினர்கள் கேட்டாங்க, ஏற்பாடு பண்ணோம், ஃபைனல்ல டெபின்யா பெனால்டி அடிச்சு 1-0ன்னு ஜெயிச்சோம். ஆடுன 6 மேட்ச்சும் ஜெயிச்சு, ஒரு கோல் கூட வாங்காம எட்டாவது தடவ கப் எடுத்தாங்க. இந்த வருஷம் நம்ம டீம் கப்பே ஜெயிக்கலன்னு சொல்றவங்க இத ஞாபகம் வச்சுக்கணும்.

இப்ப கத்தார் உலகக் கோப்பைக்கு வரேன்.

செர்பியா மேட்ச்ல ரிச்சர்லிசன் அந்தரத்துல திரும்பி அடிச்ச கோல் எல்லாருக்கும் கண்ணுக்குள்ளயே இருக்கும், அதே மேட்ச்ல நெய்மருக்கு கணுக்கால் போச்சு. சுவிட்சர்லாந்த காசமிரோ கோல்ல தாண்டுனோம். கேமரூன்கிட்ட கடைசி நேரத்துல அபூபக்கர் கோல் வாங்கி தோத்தோம், அப்பவும் குரூப்ல மொத இடம்தான். கொரியாவ மொத பாதில 36 நிமிஷத்துக்குள்ள நாலு கோல் போட்டு உக்கார வச்சோம், கோச் டிட்டேவே ஆட்டம் போட்டாரு. அன்னைக்கு ராத்திரி நம்மில் ஒருத்தருக்கும் சந்தேகமே இல்ல, ஆறாவது கப் வருதுன்னே பேசிக்கிட்டோம்.

குரோஷியா மேட்ச்ச நிமிஷம் நிமிஷமா எழுத வேண்டாம்னு தலைவர் சொன்னாரு, ஆனா சில விஷயம் பதிவுல இருந்தே ஆகணும். லிவாகோவிச்னு ஒரு கோல்கீப்பர் 11 ஷாட்ட தடுத்தாரு. எக்ஸ்ட்ரா டைம் மொத பாதி முடியற நேரம், நெய்மர் ரோட்ரிகோகிட்ட குடுத்து வாங்கி, அப்புறம் பக்கேட்டாகிட்ட குடுத்து வாங்கி, கீப்பரையும் சுத்தி வந்து வலையோட கூரைய பாத்து அடிச்ச அந்த கோல், தோத்த மேட்ச்ல வந்ததாலயே அதோட அழக யாரும் பேசறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். பிரேசிலுக்காக பெலே போட்ட 77 கோல் கணக்க தொட்ட கோல் அது.

117வது நிமிஷம், நாம 1-0 முன்னாடி இருக்கோம், பந்த வச்சுக்கிட்டு நேரத்த ஓட்டுனா போதும், அப்ப போயி ஆளுங்க மேல ஏறி நிக்கறாங்க, பந்து போச்சு, ஓர்சிச் இடது பக்கம் ஓடி வந்து உள்ள தள்ளுறாரு, பெட்கோவிச் அடிச்சது நம்ம மார்கினோஸ் கால்ல பட்டு திசை மாறி உள்ள போயிருச்சு. அந்த 120 நிமிஷத்துல குரோஷியா நம்ம கோலுக்கு நேரா அடிச்ச ஒரே ஷாட் அதுதான். பெனால்டில ரோட்ரிகோ அடிச்சத லிவாகோவிச் புடிச்சாரு, மார்கினோஸ் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு, 4-2, முடிஞ்சுருச்சு. அஞ்சாவதா அடிக்க வேண்டிய நெய்மருக்கு முறையே வரல. டிட்டே அன்னைக்கே பதவிய விட்டு விலகிட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் நம்ம சங்கத்துக்குள்ள நடந்தத ஒளிக்காம எழுதறேன். நம்ம சங்கத்து மெசேஜ் குரூப்ல ரோட்ரிகோவையும் மார்கினோஸையும் வாய்க்கு வந்தபடி திட்டி மெசேஜ் வந்துச்சு. சிலர் குரூப்ப விட்டு வெளிய போனாங்க. சிலர் டிபிய மாத்துனாங்க, அதுவும் யாரு கலருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. கோபம் இருந்தா அது பாசம் இருக்கறதாலதான், அத நான் தப்பு சொல்லல. ஆனா ரோட்ரிகோவுக்கு வயசு 21. மொத பெனால்டிய அடிக்க முன்னால வந்து நின்ன பையன் அவன். அழுதுக்கிட்டு நின்னவன வந்து கட்டிப்புடிச்சு ஆறுதல் சொன்னது எதிர் டீம் கேப்டன் மோட்ரிச். நெய்மர் கண்ணீரோட நிக்கறப்ப பெரிசிச்சோட சின்ன பையன், குரோஷியா ஜெர்சியோட, மைதானத்துக்குள்ள ஓடி வந்து கைய நீட்டுறான், தடுக்க வந்தவங்கள மீறி நெய்மர் அவன பாத்து கைய குடுத்து தலைய தடவி அனுப்புறாரு. ஜெயிச்ச வீட்டு குழந்தைக்கு தெரிஞ்சது, தோத்த வீட்டு ஆளுங்களுக்கு தெரிய வேண்டாமா?

இத பேசத்தான் டிசம்பர் மாசம் அவசர கூட்டம் போட்டோம். சங்கத்த கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமான்னுகூட ஒரு பேச்சு வந்துச்சு. அப்ப நம்ம மூத்த உறுப்பினர் ஐயா எந்திரிச்சு 1982 உலகக் கோப்பை பத்தி சொன்னாரு. பார்சிலோனாவுல இத்தாலிகிட்ட டிரா பண்ணாலே அரையிறுதி, சீக்கோ, சாக்ரடீஸ், ஃபல்காவ் எல்லாரும் இருந்த டீம், ரெண்டு தடவ பின்னாடி இருந்து சமன் பண்ணியும் பாவ்லோ ரோஸி மூணாவது கோலையும் போட்டு 3-2ன்னு அனுப்பிட்டாரு. "நான் இந்த டீமுக்கு ஆளானதே அந்த தோல்வியிலதான்யா, 1994ல கப் ஜெயிச்ச டீம விட எனக்கு அந்த டீம்தான் ஒசத்தி"ன்னாரு. எல்லாரும் அமைதியாயிட்டாங்க. 2014ல ஜெர்மனிகிட்ட 7-1 வாங்குன ராத்திரி சங்கத்துல இருந்தவங்க இன்னைக்கும் இருக்காங்க, 23வது நிமிஷத்துல இருந்து 29 வரைக்கும் நாலு கோல் வாங்குனத கண்ணால பாத்தவங்களுக்கு இந்த 4-2 பெனால்டி தாங்க முடியாத அளவுக்கு பெருசில்லன்னு ஒரு அக்கா சொன்னாங்க. நான் அதுக்கு ஒத்துக்கல, 7-1ல நம்பிக்கை அரை மணி நேரத்துல செத்துப்போச்சு, இதுல மூணு நிமிஷம் தாண்டியிருந்தா அரையிறுதி, வலி இதுலதான் ஜாஸ்தி. அந்த வாதம் இன்னும் முடியல, முடியவும் வேண்டாம்.

என் பங்குக்கு நான் அன்னைக்கு பேசுனது பார்போசா பத்தி. புது உறுப்பினர்களுக்காக இங்கயும் எழுதறேன். 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம், உலகக் கோப்பை கடைசி ஆட்டம், உருகுவேகூட டிரா பண்ணாலே நாம சாம்பியன். 1-1ன்னு இருக்கப்ப வலது பக்கம் கிகியா வரான். கொஞ்ச நேரம் முன்னாடி இதே மாதிரி வந்து உள்ள தள்ளித்தான் ஷியாஃபினோவுக்கு கோல் வாங்கிக் குடுத்திருந்தான், அதனால கீப்பர் பார்போசா இந்த தடவையும் உள்ளதான் தள்ளுவான்னு கொஞ்சம் நகந்தாரு, கிகியா பக்கத்து போஸ்ட் இடைவெளியில அடிச்சுட்டான். எந்த கீப்பரும் எடுக்கற முடிவுதான் அது. அந்த ஒரு கோலுக்காக அந்த மனுஷன சாகற வரைக்கும் நாட்டுக்காரங்க மன்னிக்கல. பிற்பாடு தேசிய டீம பாக்க போனப்ப ராசி இல்லாதவருன்னு உள்ள விடலன்னு சொல்வாங்க. பிரேசில்ல அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமா அனுபவிக்கறேன்னு சொல்லி வருத்தப்பட்டவரு, 2000ல இறந்துட்டாரு. அன்னைக்கு போட்டிருந்த வெள்ளை ஜெர்சியக்கூட ராசி இல்லன்னு தூக்கிப் போட்டுட்டுதான் இந்த மஞ்சள் ஜெர்சியவே கொண்டு வந்தாங்க. நாம பெருமையா போட்டுக்கற இந்த கலரே ஒரு தோல்வியில பொறந்ததுதான், ஆனா அதே தோல்வியில ஒரு மனுஷன நாசம் பண்ணதும் இருக்கு. மார்கினோஸுக்கும் ரோட்ரிகோவுக்கும் அந்த கதி வர்றதுல நம்ம சங்கத்தோட ஒரு மெசேஜ்கூட பங்கா இருக்கக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்.

கூட்டத்துல ஒரு மனதா முடிவாச்சு. வீரர்கள தனிப்பட்ட முறையில, குடும்பத்த இழுத்து, நிறத்த இழுத்து பேசற எந்த பதிவும் நம்ம குரூப்ல இருக்காது, நிர்வாகிங்க எடுத்துருவாங்க. ஆட்டத்த பத்தி எவ்வளவு வேணாலும் விமர்சனம் பண்ணலாம். நெய்மர அஞ்சாவதா வச்சது சரியா தப்பா, 117வது நிமிஷம் ஏன் மேல ஏறுனாங்க, இதெல்லாம் விடிய விடிய பேசலாம். என் கருத்து, நல்ல ஷூட்டர கடைசிக்கு வைக்கறது ஊர் உலகத்துல எல்லா கோச்சும் பண்றதுதான், நாம தோத்தது பெனால்டியில இல்ல, அந்த 117ல. அடுத்து, வெளிய போனவங்க திரும்பி வந்தா ஒரு கேள்வியும் கேக்காம சேத்துக்கணும்னு முடிவு, அதுல பாதிப்பேர் இப்பவே வந்துட்டாங்க, மீதிப்பேருக்கும் நானே போன் பண்ணி பேசிக்கிட்டிருக்கேன். டிபி மாத்துனவங்களுக்கும் இது பொருந்தும்.

டிசம்பர் 29 பெலே போயிட்டாரு, வயசு 82. மரக்கானா தோல்வி அன்னைக்கு ரேடியோ பக்கத்துல அப்பா அழறத பாத்துட்டு, நான் உங்களுக்கு கப் ஜெயிச்சுத் தரேன்பான்னு சொன்ன ஒம்பது வயசு பையன் அவரு, 17 வயசுல 1958ல ஜெயிச்சும் குடுத்தாரு, அப்புறம் 1962, 1970. அஞ்சலி கூட்டத்துக்கு குரூப்ப விட்டு போனவங்களும் வந்திருந்தாங்க. ஒரு நிமிஷ மௌனத்துக்கு அப்புறம் பழைய ஆட்டங்கள போட்டு பாத்தோம்.

அடுத்த வருஷத்து வேலைக்கு வரேன். 2023 ஜூலை 20 ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல பெண்கள் உலகக் கோப்பை ஆரம்பிக்குது, அதுல பிரேசில் ஆடற பிரிவுல பிரான்ஸும் ஜமைக்காவும் இருக்கு, ஆண்கள் மேட்ச்சுக்கு பண்ற அதே ஏற்பாடு இதுக்கும் பண்ணணும்னு கேக்கறேன், பொறுப்ப மகளிர் அணி எடுத்துக்கறதா சொல்லியிருக்காங்க. 2026க்கான தகுதிச் சுற்றும் வருது, புது கோச் யாருன்னு இந்த அறிக்கை எழுதற வரைக்கும் முடிவாகல. 2002க்கு அப்புறம் உலகக் கோப்பையில நம்மள வெளிய அனுப்புனது அஞ்சு தடவையும் ஐரோப்பா டீம்தான், பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், இப்ப குரோஷியா, அதனால ஐரோப்பா டீம்களோட ஆட்டத்த உக்காந்து அலசற மாதிரி மாசம் ஒரு கூட்டம் வைக்கலாம்னு இளைஞர் அணி கேட்டிருக்கு, நான் ஆதரிக்கறேன்.

நிர்வாகக் குழு பதவிக்காலம் முடியுது, தேர்தல் தேதிய தலைவர் இன்னைக்கு அறிவிப்பாரு. இந்த அறிக்கையையும் வரவு செலவு கணக்கையும் ஏத்துக்கிட்டு நிறைவேத்தி தரும்படி கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
செயலாளர்