சிப்புக்குள் வயர்லெஸ் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிப்புக்குள் வயர்லெஸ், அதாவது ஒரே சிப்பின் பகுதிகள் கம்பிக்குப் பதிலாக ரேடியோ அலையில் பேசிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்தை எடுத்து எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இனிமேல் சிப்பில் கம்பிக்கே வேலை இல்லை என்கிற மாதிரி கட்டுரை போனது சரியில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் (சிப்பில் இருக்கும் மிகச் சிறிய மின் சுவிட்ச்) பேசிக்கொள்ள ரேடியோ அலை தேவையே இல்லை. 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் காற்றில் 5 மில்லிமீட்டர், சிலிக்கானுக்குள் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஆண்டெனாவை அதில் கால்வாசிக்குச் சுருக்கினாலும், அது அடைக்கிற இடத்தில் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உட்கார்ந்துவிடும்.

தூரம் போகும்போதுதான் கம்பி திணறுகிறது. மெலிய மெலிய அதன் மின்தடை ஏறுகிறது, சிக்னல் தாமதமாகிறது. 8-க்கு 8 என்று 64 கோர்களை (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளை) கட்டம் கட்டமாக அடுக்கினால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செய்தி போக 14 தாவல் ஆகும், ஒவ்வொரு தாவலிலும் செய்தியை வழிமாற்றி அனுப்பும் ஒரு ரவுட்டரில் நின்று போக வேண்டும்.

சரி, இதுவரை கட்டுரையிலும் இருந்தது. விட்டுப்போனது இதுதான்: அந்த 64 கோர்களும் ஒரே தரவின் நகலைத் தங்கள் கேஷில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகத்தில்) வைத்திருக்கும்போது ஒரு கோர் அதை மாற்றி எழுதினால், மற்ற 63 நகலும் இனி செல்லாது என்று எல்லாருக்கும் தகவல் போய், கிடைத்தது என்று பதிலும் வந்து சேர வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கும் ஒலிபெருக்கியில் ஒரே தடவை சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே கம்பிக்கும் வயர்லெஸுக்கும். 2016-ல் வந்த வைசிங்க் (WiSync) என்ற ஆய்வு இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கோருக்கும் ஒரு சின்ன நினைவகம், ஒன்றில் எழுதினால் அலை வழியாக எல்லாவற்றிலும் அதே மதிப்பு ஏறிவிடும். மொத்தத் தரவையும் அலையில் அனுப்புவது அதன் நோக்கமே அல்ல.

குறைகளையும் சொல்லியிருக்கலாம். இரண்டு கோர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். சாதாரண சிலிக்கான் அலையின் ஆற்றலில் நிறையவே விழுங்கிவிடும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் நம் போன் மாதிரி சிப் நடமாடுவதில்லை, மேலே இருக்கும் உலோக மூடி எங்கே, எந்த உயரத்தில் என்பது வடிவமைக்கும்போதே தெரியும். அதனால் அலை எதில் பட்டு எப்படித் திரும்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு ஆண்டெனாவை வைக்க முடிகிறது, இது பெரிய வசதி.

அப்புறம் ஒரு திருத்தம். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் குரோடா குழுவினர் செய்ததையும் கட்டுரை இதோடு சேர்த்துவிட்டது. அது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சிப்புகளில் கம்பிச்சுருள்களை வைத்து காந்தப்புலம் வழியாகப் பேசவைப்பது. சில பத்து மைக்ரோமீட்டர் தூரத்துக்கு அது அருமையாக வேலை செய்யும், ஆனால் ஆண்டெனா போல மூலைக்கு மூலை போகாது.

அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் இந்த இரண்டையும் பிரித்து எழுதி, ஒரு பிட்டை அனுப்பக் கம்பிக்கு எவ்வளவு ஆற்றல், அலைக்கு எவ்வளவு என்ற ஒப்பீட்டையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்