சம்பளச் சீட்டு இல்லாத 16 ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில், பம்ப் செட் உதிரி பாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். என்னிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். எங்களைப் போன்றோர் நாலு பேர் கூடினால், 'ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை' என்ற குறைதான் முதலில் கேட்கும். அந்தக் குறையில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் 16 ஆண்டுகள் லேத் ஓட்டிய ஒருவர் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அங்கே மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். சனிக்கிழமைதோறும் கூலியை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். பட்டறையில் அவர் பெயர் இருந்த ஒரே தாள் அந்த நோட்டுதான். அதிலும் அவர் வாங்கிய அட்வான்ஸ் கணக்குதான் தெளிவாக இருந்தது. அவர் மகளின் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தவன் நான். 'நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னவன். ஆனால் அவர் என்னிடம் வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு சான்றை என்னால் காட்ட முடியவில்லை. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு, ஏறத்தாழ அதே சம்பளத்துக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வேலையை விட்டுப் போகும்போது அவருக்குச் சேர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 240 நாள் கூலி என்று என் கணக்கர் எடுத்துச் சொன்ன பிறகே விஷயம் உறைத்தது. மூன்று தவணையாகக் கொடுத்து முடித்தேன்.

குடும்பம் என்று சொல்லிவிட்டால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்குக் கேட்பதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. விடுப்பு முதலாளியின் அன்றைய மனநிலையைப் பொறுத்து அமைகிறது. ஒருவருக்கு மறுத்த அட்வான்ஸை மறுநாளே இன்னொருவருக்குக் கொடுத்தாலும் யாரும் காரணம் கேட்க முடியாது. இதற்கெல்லாம் மனிதவள அதிகாரி ஒருவரைச் சம்பளம் போட்டு வைக்க எங்களால் இயலாதுதான். ஆனால் சம்பள நாள், ஓ.டி. வீதம், விடுப்பு நாட்கள், அட்வான்ஸ் வரம்பு, அதைப் பிடிக்கும் முறை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட ஒரு மாலைப் பொழுது போதும். நான் அதைத் தமிழிலும், பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒட்டினேன். (தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை வருகிறது என்பதையே அந்தத் தாளை எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன், அதுவரை 'சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள்' என்று திட்டிக்கொண்டிருந்தேன்.) எழுத உட்கார்ந்தபோது பெரிய தகராறு எதில் வந்தது தெரியுமா? ஷிப்ட் முடிந்த பின் இரும்புத் துருவலை அள்ளி மெஷினைத் துடைக்கும் அரை மணி நேரம் யார் கணக்கு என்பதில். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் அது மூன்று மணி நேரம். இத்தனை ஆண்டுகளும் அதற்குக் கூலி கொடுத்ததே இல்லை. இப்போது கொடுக்கிறேன்.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 10 பேர் இருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்பதால், நோட்டில் ஒன்பது பெயரோடு நிறுத்திக்கொள்ளும் பட்டறைகள் இங்கே உண்டு. நானும் சில காலம் அப்படித்தான் செய்தேன். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு; தொழிலாளியின் பங்கு 112 ரூபாய் 50 காசு. இந்தத் தொகையை மிச்சம் பிடித்த பட்டறையில் பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனால், செலவு லட்சத்தைத் தாண்டும். பழியும் சேர்ந்தே வரும். பதிவு இருந்தால் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதோடு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் கிடைக்கும்.

காயில் சுற்றவும் பேக்கிங்குக்கும் பெண்களை வைத்திருக்கும் பட்டறைகளில், தாழ்ப்பாள் உள்ள தனிக் கழிப்பறைகூட இல்லாத நிலையைப் பலரும் பேசுவதில்லை. 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள், பாலியல் தொல்லை குறித்து மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை அறிந்த பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டே சட்டம் வந்தும், 90 நாள், 120 நாள் இழுத்தடிக்கும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. பில் பணம் வராத வாரங்களில் நானும் கூலியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். அந்தச் சுமையை வாரக் கூலிக்காரர் தலையில் இறக்குவது தவறு என்பதால், இரண்டு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்துத் தொடுவதில்லை என்று பழகிக்கொண்டேன். முதல் தடவை அதைச் சேர்க்க எட்டு மாதம் ஆயிற்று.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. ஆனால் சட்ட மொழியில் கடிதம் எழுதும் பழக்கம் பட்டறைக்காரர்களுக்குக் கிடையாது. மாவட்டத் தொழில் மையமும் தொழில் அமைப்புகளும் எளிய தமிழில் ஒரு நியமனக் கடித மாதிரியையும், ஒரு சம்பளச் சீட்டு மாதிரியையும் அச்சிட்டு, தொழில் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே முதலாளிகளுக்குக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழ் அந்த மாதிரிகளை ஒரு நாள் வெளியிட்டாலும், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.